உரித்த ஆரஞ்சு

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வேதவல்லியின் கழுத்துப் பட்டை காலையில் ஆறு என்று காட்டியது. கணவர் தாமோதரன் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகு பதிமூன்று.

பட்டைக்கு முன்னுணரி என்று பெயர். இதயத்தைத் திறக்கும்போது ரத்தக் குழாயில் ஒட்டியிருக்கும் துணுக்கு பெயர்ந்து மூளையில் போய் அடைத்தால் பக்கவாதம். யார் கழுத்தில் கட்டினாலும், பக்கவாதம் வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்லிவிடும். பத்தைத் தாண்டினால் அறுவைக்கூடத்தின் கதவே திறக்காது. எந்த டாக்டர் கெஞ்சினாலும் சரி. வேதவல்லியின் பழுதான இதய வால்வு அடுத்த மாதம் வரை தாங்காது. மாலைக்குள் எண் இறங்கினால்தான் நாளைக்கு அறுவை.

டாக்டர் ஜெனிட்டா தாமோதரனை வராந்தாவுக்கு அழைத்தார்.

“சார், நீங்க வந்தப்புறம்தான் ஏறுது. என்ன பண்ணீங்க?”

“ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலையே! ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தேன்.”

“வீட்ல உரிச்சுக் குடுப்பீங்களா?”

தாமோதரன் யோசித்தார். “இல்லையே.”

“அதான். நான் உங்ககிட்ட என்னமோ சொல்லிட்டேன், நீங்க மறைக்கிறீங்கன்னு உங்க வீட்டம்மா நினைச்சுட்டாங்க. பயத்துல துடிப்பு தாறுமாறா ஓடுது. எப்பவும் போல இருங்க, போதும்.”

எப்பவும் போல என்றால் எப்படி? மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய், வீட்டில் கேட்பது போல, “மோட்டாரை அணைச்சியா இல்லையா?” என்று அதட்டிப் பார்த்தார். குரல் நடுங்கியது. வேதவல்லியின் கண் கலங்கியது. பதினாறு.

“உண்மையைச் சொல்லுங்க. நான் பொழைக்க மாட்டேனா?”

“சத்தியமா அப்படி ஒண்ணும் இல்லடி! எனக்குத்தான் என்ன பண்றதுன்னே தெரியல. பயமா இருக்கு. பிரஷர் மாத்திரைகூடப் போடல.”

“என்னது?” வேதவல்லி எழுந்து உட்கார்ந்தாள். “ஒரு நாள் நான் இல்லன்னா இந்த லட்சணமா? சாப்பிட்டீங்களா? அதுவும் இல்லையா? நல்லா இருக்கு கூத்து!”

அவள் திட்டத் திட்ட எண் இறங்கியது. பதினொன்று, எட்டு, ஏழு. நாளைக்கு அறுவை உறுதி என்று சுவர்த்திரை சொன்னது. தாமோதரனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“டாக்டர், இதை அவருக்குக் கட்டிப் பாருங்க,” என்று உள்ளே வந்த ஜெனிட்டாவிடம் வேதவல்லி பட்டையைக் கழற்றி நீட்டினாள். “மாத்திரை போடலையாம், பெரிய மனுஷன்!”

ஜெனிட்டா கட்டினார். தாமோதரனின் கழுத்தில் எண் ஒளிர்ந்தது. அது அவர் கண்ணுக்குத் தெரியாது. வேதவல்லி திட்டுவதைச் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

“எவ்வளவு டாக்டர்?”

“ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருக்கீங்க. இப்படி உக்காருங்க,” என்ற ஜெனிட்டா, மேஜை மேலிருந்த இன்னொரு ஆரஞ்சை எடுத்து அவருக்கு உரிக்கத் தொடங்கினார்.