முன்னால் நிற்பவள்

மொபைல் திரையில் லாரியின் எடை வரவேண்டிய இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர் வீரமலை கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிக்கொண்டு, அந்தக் காலி இடத்தை உற்றுப் பார்த்து, “பன்னெண்டாயிரத்து நானூத்து அறுபது கிலோ. சரியாத்தாங்க காட்டுது” என்றார்.

விஜயராணி எட்டிப் பார்த்தாள். ‘எடை’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை. மானேஜர் தங்கையனும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். புரோகிராமை எழுதிய ஆனந்தவள்ளி மட்டும் புருவத்தைச் சுருக்கியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலியாக இருக்கும் என்று விஜயராணிக்குத் தெரியும். காலியாக்கியதே அவள்தான்.

ஒரு புரோகிராம் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. எண்ணுக்குக் கமா போடு, தேதியைச் சொல்லு என்று சில்லறை வேலைகளுக்கெல்லாம் சி லைப்ரரி என்ற பொதுக் கிடங்கைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அந்தப் பெயருள்ள ஃபங்ஷன் வேலையை முடித்துவிட்டு ‘ஆச்சு’ என்று பதில் தரும். வீரமலையின் எடைமேடை புரோகிராம் ஆலையின் கம்ப்யூட்டரில் வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியது. இப்போது அதை மாற்றவேண்டிய மொபைலில் இருப்பதோ இளைத்த லைப்ரரி. பல பெயர்களுக்கு அங்கே ஆளே கிடையாது. இல்லாத ஆளுக்குப் பதில் ஆளை எழுதி வைப்பதுதான் தில்லை நகர் மாடியில் இருந்த அந்தச் சின்ன ஆபீஸின் பிழைப்பு.

அவசரத்துக்கு வெற்று ஃபங்ஷன் வைப்பது அங்கே வழக்கம். உள்ளே ஒரு வரிகூட இருக்காது. கூப்பிட்டால் ‘ஆச்சு’ என்று மட்டும் சொல்லும். கூப்பிட்ட புரோகிராமும் அதை நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும். விஜயராணி பல வருஷம் இப்படியே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள், யாரும் குறை சொன்னதில்லை. அப்புறம் ஆனந்தவள்ளி வேலைக்குச் சேர்ந்தாள். வெற்று ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டுவிட்டு, உட்கார்ந்து நிஜமாகவே எழுத ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து விஜயராணிக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனந்தவள்ளியின் புரோகிராம் சரியாக ஓடுவது பிடிக்கவில்லை. அவள் சிரிப்பது பிடிக்கவில்லை. அவள் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஆபீஸே திரும்பிப் பார்க்கும் புளியோதரை வாசனையும் பிடிக்கவில்லை. ஆயுத பூஜைக்கு அழைத்து வந்த தன் மகள் மணிமேகலை, நேராகப் போய் அவள் மடியில் ஏறிக்கொண்டு, அம்மா கூப்பிட்டும் இறங்கி வராமல் இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு காந்தியது. எல்லாவற்றுக்கும் மேல் தங்கையன். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் “விஜயராணி!” என்பவர், இப்போது வாயைத் திறந்தால் “ஆனந்தி!” இந்த டெமோ முடிந்ததும் டீம் லீட் யார் என்று சொல்லப்போகிறார். தனக்குக் கிடைக்காமல் போனால்கூட விஜயராணி பொறுத்துக்கொள்வாள். ஆனந்தவள்ளிக்குக் கிடைக்கக் கூடாது.

வழி சொல்லிக் கொடுத்ததே ஆனந்தவள்ளிதான். “ஒரே பேர்ல ரெண்டு ஃபங்ஷன் இருந்தா, முன்னாடி நிக்கிறதுக்குத்தாங்க்கா கூப்பாடு போகும். பின்னாடி நிக்கிறதுக்குத் தன்னைக் கூப்பிட்டதே தெரியாது” என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அதையே விஜயராணி செய்தாள். எடையைக் காட்ட ஆனந்தவள்ளி பார்த்துப் பார்த்து எழுதிய ஃபங்ஷனுக்கு முன்னால், அதே பெயரில் ஒரு வெற்று ஃபங்ஷனைக் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆலைக்காரர் முன்னால் திரை வெளுக்கும், அவள் முகமும் சேர்ந்து வெளுக்கும் என்று கணக்குப் போட்டாள்.

வெளுத்த திரையைப் பார்த்துத்தான் வீரமலை அடுத்த லாரியின் எடையையும் வாசித்தார்.

“ஆனந்தி, இங்க வாம்மா” என்று தங்கையன் கூப்பிட்டார். குழப்பத்தோடு எரிச்சலும் சேர, பக்கத்தில் நின்ற விஜயராணி வெடுக்கென்று “என்ன சார்?” என்றாள்.

தங்கையன் அவளைப் பார்த்துச் சிரித்தார். “பிரமாதமா பண்ணியிருக்கேம்மா. இனிமே நீதான் டீம் லீட், ஆனந்தி.”

அவர் கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவர் கண்ணில் கிண்டல் இல்லை. வீரமலை கை கூப்பி, “ரொம்ப நன்றிங்க, ஆனந்தவள்ளி” என்றதும் விஜயராணியிடம்தான். அவளுக்குப் பின்னால் நிஜ ஆனந்தவள்ளி வாயைப் பாதி திறந்தபடி நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் விஜயராணிக்கு உள்ளே சர்க்கரைப் பாகு இறங்கியது போல இருந்தது. மறுத்துச் சொல்ல ஒரு நொடி போதும். அவள் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து எல்லாம் அவளைத் தேடி வந்தது. ஆனந்தவள்ளிக்கு வரும் போன்கள், ஆனந்தவள்ளியிடம் கேட்கும் சந்தேகங்கள். டீ கொண்டுவரும் பொன்னுத்தாய் இரண்டு டம்ளரையும் விஜயராணி மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். ஆனந்தவள்ளி தன் நாற்காலியில்தான் இருந்தாள். ஆனால் பெருக்க வருகிறவள் அவள் காலை நகர்த்தச் சொல்லாமல் துடைப்பத்தை அதன் மேலேயே இழுத்துக்கொண்டு போனாள், ஏசிக்காரர் அவள் தோளுக்கு மேலே ஏணியைச் சாய்த்தார், மழைக்காலத்து ஈரச் சுவரின் வாசனையோடு அந்த மூலையில் வெளிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்ததே தவிர, யாரும் அங்கே டியூப்லைட்டை மாற்றவில்லை. விஜயராணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் ஆனந்தவள்ளி அவள் மேசைக்கு வந்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது.

“அக்கா, நான் பேசறது யாருக்கும் கேக்கலக்கா. வீட்லயும் கேக்கல. நீங்களாச்சும் ஒரு தடவை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்களேன்.”

கூப்பிட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் பெயர் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோரும் மறுபடி அவள் பக்கம் திரும்பிவிடுவார்களே என்று பட்டது. விஜயராணி லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். கேட்காதவள் போல் படியிறங்கினாள்.

பாதிப் படியில்தான் உறைத்தது. இந்த வாரம் முழுக்க ஆபீஸில் ஒருவர்கூட ‘விஜயராணி’ என்று சொல்லவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, நனைந்த சட்டைகளின் நெடியும் யாரோ பையில் வைத்திருந்த மல்லிகையின் வாசனையும் மூச்சை அடைக்க, காவிரிப் பாலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்து விழுந்து போவதைப் பார்த்தபடி, கணவன் தமிழ்மணிக்கு போன் போட்டாள். மலைக்கோட்டை ஜவுளிக் கடையிலிருந்து அவன் இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பான்.

“ஹலோ, யாருங்க?”

“நான்தாங்க. பாலத்துக்கிட்ட வந்துட்டேன்.”

“ஹலோ? ஹலோ? ஒண்ணும் கேக்கலையே.”

அவனுக்குப் பின்னால் குக்கர் மூடியை வைக்கும் சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல். ஒரே ஒரு வார்த்தை.

“ஆச்சு.”

போன் துண்டிக்கப்பட்டது.

குரல் யாருடையது? ஆனந்தவள்ளிதான். வேறு யார்? ஆட்டோ பிடித்து முந்திக்கொண்டு போயிருப்பாள். ஆபீஸில் இடம் போன வஞ்சத்தில் வீட்டில் புகுந்துவிட்டாள். மணிமேகலையை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். விஜயராணிக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் பொங்கியது. என் அடுப்பு. என் புருஷன். என் பிள்ளை. அம்மா மண்டபம் ரோட்டில் இறங்கியவள் சேற்றைப் பார்க்காமல் ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்மணி தரையில் உட்கார்ந்திருந்தான். மணிமேகலை அவன் தோளில் சாய்ந்திருந்தாள். இருவர் முன்னாலும் தட்டு.

“ராணி!” என்று அவன் கூப்பிட்டான்.

“இதோ வந்துட்டேன்” என்றாள் விஜயராணி, வாசற்படியில் நின்று.

அவன் திரும்பவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தான். அங்கிருந்து பதில் வந்தது.

“ஆச்சு.”

ஆனந்தவள்ளியின் குரல் இல்லை. அவளாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அது விஜயராணியின் சொந்தக் குரல்.

சமையலறையிலிருந்து அது வெளியே வந்தது. அவளுடைய பச்சை நைட்டி. அவளுடைய கொண்டை. அவளுடைய முகம்தான், கண், மூக்கு எல்லாம் அதனதன் இடத்தில். ஆனால் உதடு பிரிந்தபோது உள்ளே பல் இல்லை. நாக்கு இல்லை. சிவப்பில்லை. வெள்ளை. அடி தெரியாத வெள்ளை.

கையில் சட்டி இருந்தது. சட்டிக்குள் ஒன்றுமில்லை. கரண்டியை விட்டு ஒன்றுமில்லாததை அள்ளி, மணிமேகலையின் தட்டில் போட்டது.

“ஆச்சு.”

குழந்தை தட்டில் கை வைத்தாள். வெறும் எவர்சில்வரில் விரல்களைக் கூட்டிப் பிசைந்தாள். உருட்டினாள். வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள்.

“மேகலா!” விஜயராணி கத்தினாள். தொண்டை வலித்தது. சத்தம் வந்தது அவளுக்கு மட்டும் தெரிந்தது. ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கினாள். தட்டு நகரவில்லை. மகளின் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட இடத்தில் குழந்தை கொசுவை விரட்டுவது போலக் கையை வீசினாள், அவ்வளவுதான்.

“இன்னிக்கு நல்லாருக்கு ராணி” என்றான் தமிழ்மணி, காலி விரல்களை நக்கியபடி.

டெமோ நடந்த திங்கட்கிழமையிலிருந்தே சாப்பாடு நன்றாக இருப்பதாக அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. டீம் லீட் ஆன சந்தோஷத்தில் இந்த வாரம் அவள் ஒருநாளும் அடுப்பு பற்றவைக்கவில்லை. யார் சமைத்தார்கள் என்று அவள் கேட்கவும் இல்லை.

மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறிக் கிடந்தது. கழுத்தெலும்பு துருத்தி நின்றது. கண்ணைச் சுற்றிக் குழி. குழந்தை சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு, வாயிலிருந்த ஒன்றுமில்லாததை விழுங்கிவிட்டு, அந்த வெள்ளை வாயை நிமிர்ந்து பார்த்துத் தட்டை நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம்மா.”

“ஆச்சு” என்றது அது.

குழந்தை குனிந்து மறுபடியும் பிசைய ஆரம்பித்தாள்.