ஆட்டுக்குட்டியின் புல்வெளி

வெறும் தட்டில் உட்கார்ந்தால் ஆட்டுக்குட்டிக்குக் குளிராதா?

ஈஸ்டர் மேசையில் வைக்கச் சர்க்கரையில் செய்த குட்டிதான். குளிராது என்று யாகோதாவுக்கும் தெரியும். ஆனாலும், ஈஸ்டர் காலையில் எல்லா வீட்டு ஆட்டுக்குட்டியும் பச்சைக் கீரை நடுவில் உட்கார்ந்திருக்கும்போது, நம் குட்டி மட்டும் வெள்ளைப் பீங்கானில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்?

சமையலறை ஜன்னலோரம் நின்று அவள் இப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் மேடையில் ஒரு தட்டு. அதில் பஞ்சு. பஞ்சின் மேல் காரக்கீரை விதைகள். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்து ஞாயிறு அன்று தூவியது. இன்று புதன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பஞ்சு தண்ணீரில் மிதந்தது. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை வேறு.

காரக்கீரைக்கு மண் வேண்டாம், தொட்டி வேண்டாம்; ஈரப் பஞ்சு போதும். மழலைப் பள்ளிக் குழந்தைகள்கூட வளர்ப்பார்கள். "இந்த வருஷம் நான்தான் வளர்ப்பேன்" என்று அம்மாவிடம் அவளாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் டிமெக் உள்ளே வந்தான். மூக்கைச் சுளித்தான்.

"யாரு இங்க சாக்ஸை ஊறப் போட்டது?"

"சாக்ஸ் இல்ல. கீரை."

அவன் தட்டை எட்டிப் பார்த்தான். முகம் மாறியது. "அழுகிடுச்சா? நான் தினமும் தண்ணி ஊத்தினேனே."

"நீயா? நீ எதுக்கு ஊத்தின?"

"நீ மறந்துட்டா அப்புறம் அழுவியேன்னுதான்."

ட்ராம் ஓட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த அம்மா, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "அடக் கடவுளே. காலையில கெளம்பறப்போ நானும் ஒரு டம்ளர் ஊத்திட்டுப் போனேன். தினமும்."

மூன்று பேரும் மேசையோரம் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார்கள். அவர் முகத்தை மறைத்திருந்த செய்தித்தாள் அசையவே இல்லை.

"அப்பா?"

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. "சின்ன கப்தான்மா. பாவம், காஞ்ச மாதிரி தெரிஞ்சுது."

யாகோதாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. சிரிக்கவும் வேண்டும்போல இருந்தது. நான்கு பேர், தினமும் நான்கு தடவை தண்ணீர். அவளுடைய கை ஒன்றும் ராசியில்லாத கை இல்லை.

'யாரும் என் தட்டைத் தொடக் கூடாது' என்று சொல்லிவிடலாம். சொன்னால் அப்பா திரும்பவும் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விடுவார். பாவம் என்றுதானே ஊற்றினார்?

பாக்கெட்டில் பாதி விதை மிச்சம் இருந்தது. ஈஸ்டருக்கு நான்கு நாளும் இருந்தது.

தட்டைக் கழுவினாள். புதுப் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து பரப்பினாள். விதைகளைத் தூவினாள்.

"தண்ணி என் வேலை, ஸ்பூன்லதான். அப்பா, நீங்க காலையில தட்டைத் திருப்பி வைக்கணும். இல்லேன்னா எல்லாம் வெளிச்சத்தைப் பார்த்து ஒரே பக்கமா சாஞ்சிடும். அம்மா, முளை வர்ற வரைக்கும் ராத்திரியில ஈரம் காயாம நீ பிளாஸ்டிக் பை போட்டு மூடணும். டிமெக், நீ அளந்து எழுதணும்."

"இதுல அளக்க என்ன இருக்கு?"

"பூஜ்யம்னு எழுது."

அவன் எழுதினான். வியாழனும் பூஜ்யம்தான். ஆனால் விதைகள் பருத்து, வழவழவென்று கூழ் பூசிக்கொண்டிருந்தன. அப்பா தட்டைத் திருப்பிவிட்டு, சரியாகத் திருப்பினேனா என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

வெள்ளி மாலை யாகோதாவின் கை ஸ்பூனைத் தேடிப் போனது. இன்னும் ஒரே ஒரு ஸ்பூன் ஊற்றினால் சீக்கிரம் வளருமோ? பஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஈரம் இருந்தது. சும்மா இருப்பது தண்ணீர் ஊற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஸ்பூனைப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"அரை சென்டிமீட்டர்!" என்று சனிக்கிழமை டிமெக் கத்திய கத்தலில் மாடி வீட்டு நாய் குரைத்தது.

ஞாயிறு காலையில் கீரை கட்டைவிரல் நக உயரத்துக்கு வந்திருந்தது. யாகோதா அதன் நடுவில் ஆட்டுக்குட்டியை உட்கார வைத்தாள். குட்டியின் முதுகில், ஈஸ்டர் குட்டிகளுக்கே உரிய சிவப்புக் கொடி.

அப்போது போகுஷா அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. கையில் சந்தையில் வாங்கிய ஒரு பெட்டி நிறையக் காரக்கீரை. அடர்த்தியாக, அரைச் சாண் உயரம்.

"என்னடி இது? உங்கப்பனோட மூணு நாள் தாடி மாதிரி இருக்கு?"

அப்பா தாடையைத் தடவிக்கொண்டார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு முட்டைகளை உரித்தாள்.

"இதுல வைப்போம், பாரு" என்று அத்தை குட்டியைத் தூக்கித் தன் கீரைக்குள் வைத்தாள். குட்டி காணாமல் போனது. சிவப்புக் கொடியின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

யாகோதா குட்டியை வெளியே எடுத்தாள். கத்தரிக்கோல் கொண்டுவந்து, அத்தையின் கீரையில் ஒரு பிடி நறுக்கினாள். முட்டைகளின் மேல் தூவி, முதல் தட்டை அத்தையிடமே நீட்டினாள்.

அத்தை மென்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "நல்ல காரம்" என்றாள் திருப்தியாக. "இன்னும் நறுக்கு. சரி, மிச்சக் கீரையில குட்டியை வைடி. உன் தட்டை அந்தப் பக்கம் எடுத்து வெச்சிடலாம். வர்றவங்க பார்க்கறப்போ அழகா இருக்க வேண்டாமா?"

டிமெக் ஸ்கேலோடு நின்றான். அப்பா, தன்னை அறியாமலே, சின்னத் தட்டை வெயில் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் அத்தை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, குட்டியைத் தன் தட்டிலேயே உட்கார வைத்தாள் யாகோதா. "இது நாங்க நாலு பேரும் வளர்த்தது. அந்தக் கீரைக்கு எங்க யாரையும் தெரியாது."