அணைக்கச் சொன்னது

மலையூரில் பட்டறையை வாடகைக்கு எடுத்த முதல் குளிர்காலத்திலேயே வார்னிஷ் எங்கள் மானத்தை வாங்கியது. காலையில் பூசிய நாற்காலி சாயங்காலமும் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. என் கணவர் தச்சர். மரத்தை அறுப்பதும் பொருத்துவதும் அவர் வேலை, தேய்த்து வார்னிஷ் அடிப்பது என் வேலை. இடது கைச் சுண்டுவிரலை எப்போதோ ரம்பத்துக்குக் கொடுத்துவிட்டார். வாய் மட்டும் முழுசாகத்தான் இருக்கிறது.

“இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு… இடம் சூடானா தன்னால காயும்” என்றபடி, மூலையில் கிடந்த பழைய பலகைகளை ஒதுக்கினார்.

தார்ப்பாய்க்கு அடியில் அந்த எண்ணெய் ஹீட்டர் இருந்தது.

என் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். பக்கத்தில் எண்ணெய்த் தொட்டி, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட ஒரு திருகு. மேலெல்லாம் பச்சை பெயிண்ட். நடுவில் மட்டும், இரண்டு பக்கமும் பெயிண்ட் போய் இரும்பு பளபளத்தது.

“இத யாருங்க இப்படித் தேச்சது?”

“உன்ன மாதிரி ஒரு மகராசியாத்தான் இருக்கும். எதப் பாத்தாலும் உப்புத்தாள எடுத்துடுவீங்களே.”

உள்ளே கட்டிப்போயிருந்த கரியைச் சுரண்டினார். கால் ஆடாமல் இருக்க ஒரு மரத்துண்டைச் செருகினார். சுவரில் பழைய புகைக்குழாய் அப்படியே இருந்ததால் ஹீட்டரை அதோடு பொருத்தினார். வெளியே குழாயின் வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். “எல்லாம் எனக்குத் தெரியும்” என்றார். திருகைத் திறந்து, பழந்துணியைக் கொளுத்தி உள்ளே போட்டார்.

குப்பென்று பிடித்துக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சூடு முகத்தில் பட்டதும் அவரைத் திட்டியதெல்லாம் மறந்துபோனது. நாற்காலிகளை அதன் பக்கம் திருப்பி வைத்தேன்.

“அணை.”

“இப்பதானே பத்த வச்சீங்க?” என்றேன்.

“நான் எங்க பேசினேன்? நீதான் என்னவோ முணுமுணுத்தே.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எண்ணெய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“அணை…”

இந்த முறை நன்றாகவே கேட்டது. குழாய்க்குள்ளிருந்து வந்தது. தொண்டை கட்டிய ஆணின் குரல். எனக்குத் தலை சுற்றியது, கண் எரிந்தது. அவர் இருமிக்கொண்டே திருகை மூடினார். இருவரும் வெளியே ஓடினோம்.

பட்டறையை எங்களுக்கு விட்ட வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே குடியிருந்தார்; அவர் வாசலில் சாத்தியிருந்த ஏணியைப் போட்டு என் கணவர் மேலே ஏறிப் பார்த்தார். குழாயின் வாயை ஒரு குருவிக்கூடு அடைத்திருந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம்” என்றார். முகம் வெளுத்திருந்தது. “எந்தப் புண்ணியவானோ அணைக்கச் சொல்லிக் காப்பாத்தினான்.”

நானும் அப்படித்தான் நம்பினேன். கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு அவர் உள்ளே போனார். நான் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

“ஏணி எதுக்கும்மா?” என்றார் வீட்டுக்காரம்மா. அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தார்.

ஹீட்டர் என்றதும் கையிலிருந்த பையைக் கீழே விட்டார்.

“பச்சை ஹீட்டரா? அது எங்க வீட்டுக்காரரோடது. எங்கிட்ட கோவிச்சுக்கிட்டு ஒருநாள் பட்டறையிலயே படுத்துட்டாரு. எண்ணெய் தீர்ந்து நெருப்பு அணைஞ்சுபோச்சு. காலையில போய்ப் பாத்தா, அத அணைச்சபடியே விறைச்சுக் கெடந்தாரு. கைய எடுக்கவே முடியலம்மா. பிச்சுத்தான் எடுத்தாங்க.”

அணைஞ்சு. அணைச்சபடியே.



நெருப்பை அணைக்கச் சொல்லவில்லை.

விழுந்தடித்து ஓடினேன். பட்டறைக்குள் வெளியே இருப்பதைவிடக் குளிராக இருந்தது. என் கணவர் முட்டி போட்டு உட்கார்ந்து ஹீட்டரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார். கன்னம் இரும்பில் அழுந்தியிருந்தது. பெயிண்ட் தேய்ந்த இடத்தில் அவர் கைகள் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன.

“ஏங்க!”

“அணைச்சிட்டேன்” என்று முனகினார். “அணைச்சிட்டேன்ல…”

உதடு நீலமாகியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. சற்று முன் நெருப்பு எரிந்த இரும்பைத் தொட்டேன். கை மரத்துப்போகும் அளவுக்கு ஜில்லிட்டது. அவர் மூச்சு விடும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. என் மனுஷன் என் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தார்.

அழுதுகொண்டே சொன்னேன்: “அவர விட்டுடு. நான் அணைக்கிறேன்.”

எதிர்ப்பக்கமாகப் போய் இரும்பைக் கட்டிக்கொண்டேன்.

அவர் கை நழுவியது. தரையில் சரிந்து பெரிதாக மூச்சை இழுத்தார்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் என் முதுகைச் சுற்றி இறுகின.

கத்த வாய் திறந்தேன்.

வாசலில் வீட்டுக்காரம்மா வந்து நின்றார். மூச்சு வாங்கியது. என்னை அல்ல, எனக்குப் பின்னால் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

“ஏங்க… அந்தப் பொண்ண விட்டுடுங்க. கோவம் போதும். வீட்டுக்கு வாங்க.”

பிடி தளர்ந்தது.

மறுநாளே ஹீட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். பட்டறையையும் காலி செய்தோம். என் ஸ்வெட்டரின் முதுகில் கரிக்கறை ஒட்டியிருந்தது. அதையும் கொளுத்திவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டேன். அவர் பழையபடி தேறிவிட்டார், வாயும் திரும்பிவிட்டது. தூக்கத்தில் என்னைக் கட்டிக்கொள்கிறார். பயம் இன்னும் விடவில்லை போல என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்று காலை வீட்டுக்காரம்மா போன் செய்தார். ஒரே அழுகை.

“அவரு வீட்டுக்கு வரவே இல்லம்மா” என்றார்.

போனை வைத்துவிட்டுப் புது ஸ்வெட்டரைக் கழற்றி முதுகுப்பக்கத்தைப் பார்த்தேன். கரிக்கறை. இரண்டு உள்ளங்கைகள், விரல்களோடு.

என் கணவருக்கு ஒன்பது விரல்தான்.

எண்ணிப் பார்த்தேன். பத்து இருந்தது.