லோக்கன் நிலம்

மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்த மண் சாலையில் காரை விட்டவள் ஊருக்குப் புதியவளாகத்தான் இருக்க வேண்டும் என்று நெஸ்டர் நினைத்தான். சக்கரங்கள் களிமண்ணில் புதைந்து, காரின் மூக்கு அவனுடைய ஆளிவிதை வயலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

"பயிருக்குள்ள கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க," என்றான் டிராக்டரிலிருந்து இறங்காமலே.

"நான் நிறுத்தல. அதுவா வந்து நின்னுச்சு."

"மழை பெஞ்சா இந்த ரோட்ல நாய்கூட நடக்காதே..."

"தெரியும். மறந்துட்டேன்."

தெரியும் என்கிறாளே... அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் ஈரமுடி ஒட்டியிருந்தது. ஆளியின் நீலப் பூ காலையில் மலர்ந்து மதியத்துக்குள் உதிர்ந்துவிடும். மாலை ஆகப் போகிறது, வயலில் ஒரு நீலம்கூட மிச்சமில்லை. அவள் கண்களில் மட்டும்...

பார்வையைத் தாழ்த்திக்கொண்டு இறங்கிச் சங்கிலியை மாட்டினான். டிராக்டரில் ரேடியோ கரகரத்தது. அவன் அம்மாவின் குரல்.

"நெஸ்டர்... சூப் ஆறுதுடா. எங்க இருக்க?"

"லோக்கன்ல இருக்கேம்மா. ஒரு காரு மாட்டிக்கிச்சு."

அவள் அசையாமல் நின்றாள். லோக்கன்... மாரிட் லோக்கன். அவள் பெயர். தொடர்ந்து மூன்று கோடை மழை பொய்த்த பிறகு அவள் அப்பா இந்த நிலத்தை விற்றார். லாரியில் அடுப்பை ஏற்றிக்கொண்டு ரெஜைனா நகரத்துக்குப் போனவர், பன்னிரண்டு வருடமாக இந்த ஊரின் பெயரையே எடுத்ததில்லை.

"உங்க பேரு?" என்றாள்.

"நெஸ்டர் வோலோஷின்."

நிலத்தை வாங்கியவரின் மகன்.

"சங்கிலியக் கழட்டுங்க. நானே பாத்துக்கறேன்."

"களிமண்ணுக்கு ரோஷமெல்லாம் தெரியாதுங்க. உக்காந்து ஸ்டியரிங்கப் பிடிங்க."

கார் சாலைக்கு வந்தது. அவள் நன்றி சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கி, "வாங்கறப்போ எங்க பேரையும் சேத்தா வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

லோக்கன் வீட்டுப் பெண்ணா! அவன் சேற்றில் நின்றபடியே சங்கிலியைச் சுருட்டினான்.

ஊர் வரலாற்றைப் புத்தகமாக்குகிறார்கள். குடும்பத்துக்கு ஒரு பக்கம். அப்பா, "போனவங்களுக்குப் பக்கம் எதுக்கு? யாருக்கு நம்மள ஞாபகம் இருக்கப் போகுது?" என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாமல் பழைய படங்களை எடுத்துக்கொண்டு மாரிட் வந்திருந்தாள். சனிக்கிழமை வரை இருந்து, கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

அன்று மாலை ஊர் மன்றத்தில் பெரிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் இன்றைய உடைமையாளரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள் திருமதி க்ராதர். வயதானவள், கணீரென்ற குரல்.

"நாங்க வாங்கின நிலத்துல லோக்கன்னே போடுங்க," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். நெஸ்டர்.

மாரிட்டுக்குக் காது சூடானது. "பாவம்னு போடறீங்களா? எங்களுக்கு அதெல்லாம் வேண்டாம்."

"பாவமா? வோலோஷின்னு சொன்னா தீயணைக்கிற வண்டி எங்கப்பா வீட்டுக்குப் போயிடுதுங்க. போன வருஷம் லோக்கன்ல தீப்பிடிச்சப்போ அப்படித்தான் போச்சு. என் வைக்கோல் எரிஞ்சு அடங்கினப்புறம், காப்பி குடிச்சிட்டு நிதானமா வந்தாங்க."

மன்றமே சிரித்தது. திருமதி க்ராதர் பேனாவை மூடினாள்.

"எங்க வீட்டை இன்னும் மக்ராய் வீடுன்னுதான் சொல்றாங்க, கண்ணு. நாங்க வந்து நாப்பது வருஷமாச்சு. இந்த ஊர்ல நிலத்துல பேரு ஒட்டணும்னா, அந்த ஆளு ஊரை விட்டுப் போயிருக்கணும்."

மாரிட் அந்த வரைபடத்தையே பார்த்தாள். ரெஜைனாவில், மூன்றாம் மாடி வீட்டில், தன்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார் அப்பா. இங்கே தினம் தினம்... சூப் ஆறும்போதெல்லாம்... அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் யாருடைய சமையலறையில்!

மறுநாள் காலை அவளாகவே வயலுக்குப் போனாள். கண்ணுக்கு எட்டும்வரை நீலம். வானம் இறங்கி வந்து படுத்துக்கொண்டது போல... நடுவில் அவர்கள் வீடிருந்த இடத்தில், யாரும் உழாத ஒரு திட்டும், லைலாக் பூப்புதரும். நெஸ்டர் அங்கே நின்றிருந்தான்.

"இதை ஏன் விட்டு வெச்சீங்க?"

"அப்பா தினமும் திட்டுவார். நல்ல மண்ணு வீணாப் போகுதுன்னு." அவன் வேறு பக்கம் பார்த்தான். "உழ வந்தா... யாரோ திரும்பி வருவாங்கன்னு தோணும். யாருன்னு தெரியாது."

மாரிட் குனிந்து லைலாக் கிளையைத் தொட்டுப் பார்த்தாள்.  அடுத்த நாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் பேச்சு குறைந்துகொண்டே போனது. ஏன் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை, மன்றத்தில் பிரதி எடுத்துத் திருப்பிக் கொடுத்த படங்களின் பெட்டியைக் காரில் வைத்தாள். அவன் கதவருகே வந்து நின்றான்.

"வோலோஷின்ங்கற பேரு உங்களுக்குப் பிடிக்காது. தெரியும்."

அவள் சாவியை எடுத்தாள்.

"பிடிக்காமலே இருக்கட்டும். ஆனா... இங்க இருங்க."

  அவளுக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. உடனே இவன் முகம். 

"எங்கப்பா உங்களப் பாத்தா கதவச் சாத்திடுவார்," என்றாள் கடைசியில்.

"சாத்தட்டும். வெளியில நிக்கறேன்."

"எவ்வளவு நேரம்?"

"அறுப்பு வரைக்கும் எனக்குப் பெரிசா வேலை ஒண்ணும் இல்லங்க."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. குனிந்து பக்கத்து இருக்கையில் இருந்த படப்பெட்டியை எடுத்துப் பின்னால் வைத்தாள்.

"அப்பா சாத்தினா, உள்ளேயிருந்து நான் திறந்துவிடறேன்," என்றாள். "ஏறுங்க."