ஞாயிற்றுக்கிழமை எடுத்த நகல்

“நகல் எடுக்கதுக்கு முன்னால சர்வருக்க பேரு, அடையாளம், பழைய பதிவு எல்லாத்தையும் அழிச்சிரணும் அண்ணா. இல்லன்னா ஒவ்வொரு நகலும் நான்தான் அதுன்னு சொல்லும்,” என்றிருந்தாள் ஜெனிலா, வேலைக்குச் சேர்ந்த புதிதில்.

“உன்ன ஒருத்தியையே தாங்க முடியல்ல ஏட்டி,” என்று ஷாஜன் கேலி செய்தான். அவள் சிரித்தாள்.

இப்போது கடியப்பட்டணத்து மீன் கம்பெனியின் சர்வர் அறையில் ஷாஜன் தனியாக இருந்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் நகல் எடுத்தான். புதிய கிளைகளுக்குப் போகவேண்டிய இயந்திரங்கள் மேசையில் வரிசையாக இருந்தன. முதல் இயந்திரத்தில் ஏற்றிய நகல் எழுந்ததும் புதுப்பெயர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ‘ஜெனிலா’ என்று திரையில் தானே காட்டியது.

படகுகள் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை. அவள் இறந்த அன்றும் ஞாயிறுதான். குளிரறைக்குள் கருவி பொருத்தப் போன ஜெனிலாவின் பின்னால் கதவு இறுகிக்கொண்டது. அவள் அமுக்கிய அபாய மணி, இந்தச் சர்வர் வழியாக அவன் போனில் அடித்துக்கொண்டே இருந்தது. மீன் வராத நாளில் உள்ளே யார் இருக்கப்போகிறார்கள் என்று, கோயிலில் பூசைக்கு நடுவே அவன் அதை நிறுத்திவிட்டான். திங்கட்கிழமை அவளை விறைத்த உடலாக வெளியே எடுத்தார்கள். மணி அடிக்கவே இல்லை, அவள் அதைப் பொருத்தியது சரியில்லை என்று அவன் போலீசிடம் சொன்னான். அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுக்கக்கூடிய பதிவு இந்தச் சர்வரில் மட்டுமே இருந்தது. இன்று அதையும் அழித்தாயிற்று.

இரண்டாவது நகலை எழுப்பினான். ஜெனிலா. மூன்றாவதும் அப்படியே. மீதியை அவன் தொடவில்லை. அவை தாமாகவே எழுந்தன. காற்றாடிகளின் இரைச்சலுக்கு அடியில் குளிரில் பற்கள் அடித்துக்கொள்வதுபோல ஒரு சத்தம் கேட்டது. அமோனியாவும் பழைய மீனும் கலந்த நெடி, கதவிடுக்கு வழியாக வெண்புகையோடு தரையில் ஊர்ந்து வந்து அவன் பாதங்களை மரத்துப்போகச் செய்தது.

போன் அதிர்ந்தது. ‘குளிரறையில் ஆள்.’

மறுபடியும். ஒவ்வொரு நகலிலிருந்தும்.

ஓடிப்போய்க் கதவின் தாழைப் போட்டான். தோளைச் சாய்த்து அழுத்திக்கொண்டான். கதவின் கண்ணாடியில் உறைபனி படர்ந்தது. வெளியிலிருந்து ஒரு கை பதிந்தது. நீலம் பாரித்த விரல்கள். மணியை அமுக்கி அமுக்கித் தோலுரிந்த பெருவிரல். பக்கத்தில் இன்னொரு கை. அதே பெருவிரல். அதற்கு மேலும் ஒன்று. கண்ணாடி முழுவதும்.

எல்லாம் அவள் கை.

பிறகு, அத்தனை வாய்களும் ஒன்றாக, பொறுமையாக:

“கதவத் தொறங்க அண்ணா.”