நல்லம்மாள் விழித்திருந்தார்

தீவு நகரமான ஜார்ஜ் டவுனின் அந்தப் பழைய மருத்துவமனைக்கு ஷர்மினி ஒரு திங்கட்கிழமை காலை திரும்பி வந்தாள். மயக்கவியல் பயிற்சியில் அவளுக்கு இது இரண்டாம் ஆண்டு; இடையில் சில மாதம் வேறு மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்திருந்தாள். மூன்றாம் எண் அறுவை அறையின் கதவைத் தள்ளியதும் குளிர் முகத்தில் அடித்தது. மருந்து நெடிக்கு அடியில், மெல்லியதாய், தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாடை.

ஐந்து மாதங்களுக்கு முன் இதே மேசையில்தான் கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து வந்த, தலை நிறைய எண்ணெய் வைத்த மூதாட்டி நல்லம்மாளுக்குப் பித்தப்பை அறுவை நடந்தது. மயக்க வாயு தீர்ந்ததை ஷர்மினி பதினொரு நிமிடம் கவனிக்கவில்லை. தசைகளை முடக்கும் ஊசி மட்டும் வேலை செய்தது. அசைய முடியாமல், கத்த முடியாமல், வெட்டுவதை எல்லாம் உணர்ந்தபடி நல்லம்மாள் கிடந்தார்.

மறுநாள் அவர் வளையல் போட்ட கையால் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னபோது, "கனவா இருக்கும்மா" என்றாள் ஷர்மினி. கோப்பிலும் எழுதவில்லை. அதன்பின் நல்லம்மாள் தூங்கவே பயந்தார். மூன்றாம் மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

இன்று முதல் நோயாளி ரோஹானா, ஒரு மலாய்க்காரப் பள்ளி ஆசிரியை. அறுவை நன்றாக முடிந்தது. தொண்டைக் குழாயை எடுத்ததும், கண் திறக்காமலே அவள் உதடுகள் அசைந்தன.

"நான் முழிச்சிதான் இருக்கேன்மா."

தமிழ். கரகரத்த கிழவியின் குரல்; ஷர்மினிக்குத் தெரிந்த குரல்.

தாதி ஸ்டெஃபனி அப்படியே நின்றாள். "டாக்டர், இவங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது, சிஸ்டர்."

ரோஹானா கண் விழித்து, முடிந்துவிட்டதா என்று மலாயில் கேட்டாள்.

அன்று மதியமே ஷர்மினி துறைத் தலைவர் ஹென்றியிடம் நல்லம்மாளுக்கு நடந்தது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். "விசாரணை முடியிற வரைக்கும் நீ கேஸ் எடுக்காத லா" என்றார் அவர். மாலையில் ஃபெர்ரி ஏறி நல்லம்மாளின் மகள் ஜெயலெட்சுமியைப் பார்க்கப் போனாள்.

"உங்கம்மா சொன்னது நெசம். தப்பு என்னோடது."

ஜெயலெட்சுமி அழவில்லை. "அதை அவங்க உயிரோட இருக்கையில சொல்லியிருக்கணும், டாக்டர்" என்று கதவைச் சாத்தினாள்.

மூன்று மாத விசாரணைக்குப் பின், கண்காணிப்பில் வேலை செய்ய அனுமதி கிடைத்தது. முதல் நோயாளி ஒரு சீனப் பெரியவர். வாயு நிறைந்திருந்தது. ஷர்மினி மூன்று முறை பார்த்துக்கொண்டாள்.

பாதி அறுவையில், பச்சைத் துணிக்கு அடியில் இருந்த அவள் விரலை ஒரு கை பிடித்தது.

"சிஸ்டர்," மூச்சுக்குள் சொன்னாள், "இவர் முழிச்சிட்டார். என் விரலப் பிடிக்கிறார்."

ஸ்டெஃபனி துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு கையும் உடம்போட சுத்திக் கட்டியிருக்கே, டாக்டர்."

சுருக்கம் விழுந்த, வளையல் போட்ட அந்தக் கை இன்னும் இறுகியது.