செத்தவரும் 5.05-க்குக் கிளம்பினார்

h... h... h... h...

கம்ப்யூட்டர் திரை முழுக்க அந்த ஒரே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

கீபோர்டின் மேல் ஜெயப்பிரகாஷின் கன்னம்.

கழுத்தைச் சுற்றி நீல நிற நெட்வொர்க் கேபிள்!

வாசலில் நின்ற பவானியின் கையிலிருந்து சர்டிபிகேட் நழுவி விழுந்தது.

சிதம்பரம் கீழ வீதி, கண்ணாயிரம் கம்ப்யூட்டர் சென்டர், மாடி. வியாழக்கிழமை காலை எட்டரை. பவானி பரங்கிப்பேட்டை பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண். மூன்று மாதமாக இங்கே எஸ்.க்யூ.எல். என்ற டேட்டாபேஸ் மொழி படிக்கிறாள். திங்கட்கிழமை கடலூரில் இன்டர்வியூ. அதற்கு இந்த சர்டிபிகேட் வேண்டும். சர்டிபிகேட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று வாத்தியார் ஜெயப்பிரகாஷ். இன்னொன்று முதலாளி கண்ணாயிரம்.

முதல் கையெழுத்தை வாங்கத்தான் வந்தாள்.

போட வேண்டிய கை விறைத்துக் கிடந்தது.

அலறினாள்.

ஒரு மணி நேரம் கழித்து எதிரே இன்ஸ்பெக்டர் அமராவதி. பெற்ற பிள்ளை சொன்னாலும் இரண்டு தடவை விசாரிக்கிற முகம். கொலை நேற்று மாலை ஆறு மணிக்கு மேல், எட்டுக்குள் நடந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பவானி ஆறரைக்கு மூக்கைச் சிந்திக்கொண்டே இறங்கிப் போனதைக் கீழே டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

"கையெழுத்து போடலைனு சண்டையா?"

"இன்னொரு தடவ பயிற்சிய போட்டுக் காட்டு, காலைல கையெழுத்து போடறேன்னாரு மேடம். அழுகை வந்துடுச்சு. அவ்ளோதான். நான் போறப்ப சார் உசுரோட இருந்தாரு."

"ஆறரைக்குப் போன. ஆனா மெஷின்ல 5.05-னு இருக்கே?"

பவானி விழித்தாள். விரல் வைத்தால்தான் மாடிக் கதவு திறக்கும். வைத்த நேரம் பதிவாகிவிடும். ஆறரைக்குத்தானே வைத்தாள்?

"உனக்கு மட்டுமில்ல. பதிவுல இருக்கற அத்தனை ஸ்டூடண்டுக்கும் 5.05. சென்டர் தொறந்த நாள்லேருந்து எல்லாரும் தெனம் 5.05-க்குதான் வெளிய போயிருக்காங்க. இதக் கேளு... உங்க சாரும் நேத்து 5.05-க்குக் கிளம்பிட்டாராம்."

கதவோரம் நின்ற கண்ணாயிரம் உச்சுக் கொட்டினார். நேற்று ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்ததும் கடலூருக்குக் கல்யாண ரிசப்ஷனுக்குப் புறப்பட்டுப் போனவராம்.

"கத்துக்குட்டி வேலைங்க மேடம். தன் நேரத்த மட்டும் மாத்தப் பாத்திருக்கு. WHERE போட மறந்துடுச்சு. மொத்தமும் மாறிடுச்சு. பாஸ்வேர்டுதான் மானிட்டர்லயே ஒட்டிக் கெடக்குதே."

பவானி சட்டென்று நிமிர்ந்தாள். WHERE மறப்பதா? அதுவும் ஜெயப்பிரகாஷிடம் படித்தவள்?

சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவர் அவர். ஒரு நாள் அந்த WHERE வரியை மறந்து, நாலாயிரம் பேருடைய முகவரியை ஒரே வீடாக்கிவிட்டார். வேலை போயிற்று. அந்தச் சூட்டோடு முதல் வகுப்பில் சொன்னது பவானிக்கு மனப்பாடம்.

"UPDATE-னா மாத்து. SET-னா இப்படி மாத்து. WHERE-னா இன்ன ஆளுக்குனு சொல்லு. ஆளச் சொல்லலைனா ஊரையே மாத்திட்டுப் போயிடும்."

உலகமே மேலிருந்து கீழே எழுதும். அவருடைய மாணவர்கள் மட்டும் கீழிருந்து மேலே. முதலில் WHERE. பிறகு மேலே ஏறி UPDATE. தவறினால் வகுப்புக்கே டீ வாங்கித் தர வேண்டும். பவானி முதல் வாரத்தில் மூன்று தடவை வாங்கித் தந்தாள். அதற்கப்புறம் விரல் தானாகத் திருந்திவிட்டது.

"மேடம், உங்ககிட்ட தனியா பேசணும்."

அமராவதி கண்ணாயிரத்தை வெளியே அனுப்பினாள்.

பவானி கேட்டது ஒன்றே ஒன்றுதான். எல்லோரையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து, ஒரே ஒரு பெயருக்கு நேரத்தை மாற்றச் சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் பின்னால் நின்று விரலை மட்டும் பார்க்க வேண்டும்.

பதிவை நகலெடுத்து அதில் சோதித்தார்கள். வகுப்புக்கு வருகிற பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரும் எடுத்த எடுப்பில் தட்டியது... WHERE!

அமராவதி கண்ணாயிரத்தைக் கூப்பிட்டாள்.

"உங்களுக்கும் இதெல்லாம் வருமா சார்?"

"சென்டரே என்னோடது மேடம்."

பெருமையாக உட்கார்ந்தார். UPDATE தட்டினார். SET தட்டினார். பரீட்சையில் பாஸான பையனைப் போலச் சிரித்துக்கொண்டே கடைசியில் WHERE தட்டினார்.

மேலிருந்து கீழே. இருபது பேரில் அவர் ஒருவர்தான்.

"இன்னிக்கு ஞாபகமா போட்டுட்டீங்க. நேத்து மறந்துட்டீங்களோ?"

சிரிப்பு காணாமல் போனது.

அமராவதி செல்போனை நீட்டினாள். கடலூர் மண்டபத்திலிருந்து வந்த கல்யாண வீடியோ. கண்ணாயிரம் உள்ளே நுழையும்போது மணி ஒன்பது.

"அஞ்சு மணிக்குக் கெளம்பி ஒம்பதுக்கு சேந்திருக்கீங்க. நடந்தா போனீங்க?"

அத்தோடு முடிந்தது. அரசாங்க இலவசப் பயிற்சிப் பணத்தைச் சுருட்ட, ஒரு நாள் கூட வராத நாற்பது பேருக்கு வருகை போட்டுவைத்திருந்தார் கண்ணாயிரம். பதிவைத் தேடி எடுக்கிற SELECT ஒன்றைப் போட்டு ஜெயப்பிரகாஷ் அதைப் பிடித்துவிட்டார். கலெக்டரிடம் போகிறேன் என்றார். கேபிள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஏழு மணிக்கு விரல் வைத்து வெளியே வந்த பிறகுதான் நேரம் பதிவாகிவிட்டது கண்ணாயிரத்துக்கு உறைத்தது. கீழே தன் அறையில் உட்கார்ந்து, அவசரத்தில் WHERE இல்லாமல் தன் நேரத்தை மாற்றினார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகிவிட்டது.

ஜீப் கண்ணாயிரத்தை ஏற்றிக்கொண்டு போனது.  பவானி கீழே கிடந்த சர்டிபிகேட்டை எடுத்துத் தூசி தட்டினாள்.

"அது செல்லாதும்மா," என்றாள் அமராவதி. "பதிவேடே பொய். சென்டருக்கு சீல். இங்க குடுத்த சர்டிபிகேட் எல்லாம் ரத்து."

"நான் நெசமாவே படிச்சேன் மேடம். நீங்களே பாத்தீங்களே."

"பாத்தேன். ஆனா பேப்பர்ல நீயும் வராத அந்த நாப்பது பேரும் ஒண்ணுதான்."

பவானிக்கு அழுகை வரவில்லை. கசந்தது. கொலைகாரனைப் பிடித்துக் கொடுக்கிற அளவுக்குப் படிப்பு வந்திருக்கிறது. படித்தேன் என்று சொல்ல ஒரு காகிதம் இல்லை.

ஆனாலும் திங்கட்கிழமை கடலூருக்குப் போனாள். மேனேஜர் பாலகுமார் ஐந்து கேள்வி கொடுத்தார். ஐந்தையும் கீழிருந்து மேலே எழுதினாள். இப்படி எழுதுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன், ரொம்ப நல்ல பழக்கம் என்றார் அவர். வேலை கிடைத்த மாதிரிதான் என்றும் சொன்னார்.

பிறகு சர்டிபிகேட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்தே இல்லையேம்மா. ரெண்டையும் வாங்கிட்டு வந்துடுங்க. அவ்ளோதான்."

பவானி நிதானமாகச் சொன்னாள்.

"ஒரு கையெழுத்த சனிக்கிழம எரிச்சுட்டாங்க சார். இன்னொண்ணு உங்க ஊரு ஜெயில்லதான் இருக்கு. மனு போட்டுப் பாக்கலாம்... பேனா நீங்க தர்றீங்களா?"